பழைய பதிவுகளில் இத்தாலிய நகைச்சுவை ஓப்பரா: புதிதாகக் கேட்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இத்தாலிய நகைச்சுவை ஓப்பராவைப் பழைய பதிவுகளில் கேட்க வேண்டும் என்று ஆர்வத்தோடு வருகிறவர்களில் பலர் முதல் சில நாட்களிலேயே விலகிவிடுகிறார்கள். கையில் கிடைத்த மிகப் பழைய இசைத்தட்டிலிருந்து தொடங்கியவர்களுக்கு இரைச்சலுக்கு நடுவே எங்கோ ஒரு குரல் மட்டும் கேட்கிறது. புகழ்பெற்ற பாடகரின் பெயரை நம்பி முழு ஓப்பராவையும் ஓடவிட்டவர்கள், யார் யாரிடம் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் மூலக்காரணம் ஒன்றே. ஓப்பரா பஃபா எனப்படும் இந்த வகை, சொல்லையும் அச்சொல் வந்து விழும் கணத்தையும் நம்பி எழுதப்பட்டது. சொல் காதில் விழாவிட்டால் சிரிப்பும் இல்லை, சிரிப்புக்கு அடியில் இருக்கும் வருத்தமும் இல்லை. எனவே சொல்லைப் பிடித்துக்கொண்டு, தெளிவான பதிவுகளிலிருந்து படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லும் ஒரு வரிசையை இங்கே பரிந்துரைக்கிறேன்.

இந்த வகை நேப்பிள்ஸ் நகரில் வேர்விட்டது. பெர்கொலேசியின் ‘லா செர்வா பத்ரோனா’ 1733 இல் அங்கே ஒரு கனமான ஓப்பராவின் இடைவேளைகளில் நடிக்கப்பட்ட சிறு நாடகம். அதில் பாடும் பாத்திரங்கள் இரண்டே. சிமரோசாவின் ‘இல் மாத்ரிமோனியோ செக்ரெத்தோ’ 1792 இல் வியன்னாவிலும், ரொஸ்ஸீனியின் ‘இல் பார்பியேரே தி சிவிலியா’ 1816 இல் ரோமிலும், தொனிசெட்டியின் ‘டான் பாஸ்குவாலே’ 1843 இல் பாரிஸிலும், வெர்டியின் ‘ஃபால்ஸ்டாஃப்’ 1893 இல் மிலானின் லா ஸ்காலா அரங்கிலும் முதன்முதலாக மேடையேறின. ஒலிப்பதிவு வணிகம் இத்தாலியில் காலூன்றியது 1900களின் தொடக்கத்தில் என்பதை இந்த ஆண்டுகளோடு வைத்துப் பார்த்தால், தொனிசெட்டியின் பாடகர்களை நாம் ஒருபோதும் கேட்க முடியாது என்பதும், வெர்டியின் பாடகர்கள் சிலரைக் கேட்க முடியும் என்பதும் விளங்கும்.

முதல் படி: ஒரே ஓர் ஓப்பராவைத் தேர்ந்தெடுத்து, அதன் பாடல் நூலைப் படித்துவிடுங்கள்

தொடக்கத்துக்கு ‘டான் பாஸ்குவாலே’யைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் கருத்து. முக்கியப் பாத்திரங்கள் நான்கு பேர்தான். நால்வரின் குரல்களும் ஒன்றோடொன்று குழம்பாத அளவுக்கு வேறுபட்டவை. பாஸ்குவாலே பஃபோ எனப்படும் நகைச்சுவைத் தாழ்குரல். மருத்துவர் மலத்தெஸ்தா பாரிடோன், அதாவது நடுத்தர ஆண்குரல். பாஸ்குவாலேயின் மருமகன் (உடன்பிறந்தாரின் மகன்) எர்னெஸ்தோ டெனர், அதாவது உயர்ந்த ஆண்குரல். இளம் விதவை நோரினா சொப்ரானோ, அதாவது உயர்ந்த பெண்குரல். மருமகனுக்குச் சொத்துப் போய்விடக் கூடாது என்பதற்காகவே முதுமையில் மணம்செய்யத் துணிகிறார் பாஸ்குவாலே. மருத்துவரோ, மருமகன் காதலிக்கும் நோரினாவையே கன்னிமாடத்தில் வளர்ந்த தன் தங்கை என்று சொல்லிக் கொண்டுவந்து நிறுத்துகிறார். போலி ஒப்பந்தம் கையெழுத்தான மறுகணமே அந்தச் சாதுப்பெண் வீட்டைத் தலைகீழாக்கத் தொடங்குகிறாள்.

லிப்ரெட்டோ எனப்படும் பாடல் நூல், இத்தாலிய மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் எதிரெதிரே அச்சிடப்பட்ட வடிவில் இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. கேட்பதற்கு முன் ஒரு அங்கத்தை முழுமையாகப் படித்துவிட்டு, பிறகு அந்த அங்கத்தை நிறுத்தாமல் கேளுங்கள். இத்தாலிய மொழி தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எழுத்தை உச்சரிப்போடு பொருத்திப் பார்க்க ஓரிரு மணி நேரப் பழக்கம் போதும். கண் வரியில் ஓடும்போது காது அந்த வரியைப் பிடித்துக்கொள்ளும்.

முழு ஓப்பராவில் இரண்டு இடங்களை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அங்கத்தில் பாஸ்குவாலேயும் மலத்தெஸ்தாவும் சேர்ந்து பாடும் ‘கேத்தி, கேத்தி’ என்ற இருவர் பாடல் ஒன்று. தோட்டத்தில் காதலர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கத் திட்டமிடும் இருவரும் மூச்சுவிடாத வேகத்தில் அசைகளை அள்ளி வீசுவார்கள். முதலில் ஒருவர், பிறகு மற்றவர், பிறகு இருவரும் சேர்ந்து. இன்னொன்று, அதே அங்கத்தில் நோரினா கிழவரின் கன்னத்தில் அறையும் இடம். இசை சட்டென்று முகம் மாறிவிடும். எல்லாம் முடிந்தது என்று பாஸ்குவாலே தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பாடம் சற்றுக் கடுமையாகிவிட்டது என்று நோரினாவும் ஒதுங்கி நின்று முணுமுணுப்பாள். இந்த இரண்டு இடங்களையும் ஒரு பாடகர் எப்படிக் கையாளுகிறார் என்பது தெரிந்துவிட்டால், அந்தப் பதிவின் தரம் பாதிக்குமேல் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: 1950களின் பதிவிலிருந்து தொடங்குங்கள்

1948 இல் அமெரிக்காவில் நெடுநேர இசைத்தட்டு அறிமுகமானது. காந்தநாடாவில் பதிவுசெய்யும் முறையும் அதே காலத்தில் பரவியது. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டிய கட்டாயம் நீங்கியதால், 1950களில் நகைச்சுவை ஓப்பராக்கள் பல முழுமையாகப் பதிவாயின. ஸ்டீரியோ தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தது 1958 இல் என்பதால், அதற்கு முந்தையவை பெரும்பாலும் ஒற்றைத் தட ஒலிதான். அதனால் குறையொன்றுமில்லை, குரல்கள் முன்னால் நின்று தெளிவாகவே கேட்கும்.

‘டான் பாஸ்குவாலே’யை 1952 இல் சேத்ரா நிறுவனம் தூரின் வானொலி வாத்தியக் குழுவோடு மாரியோ ரோஸ்ஸி நடத்தப் பதிவுசெய்தது. செஸ்தோ புருஸ்காந்தினி பாஸ்குவாலேயாகவும், ஆல்டா நோனி நோரினாவாகவும், சேசாரே வல்லெட்டி எர்னெஸ்தோவாகவும், மாரியோ போர்ரியெல்லோ மலத்தெஸ்தாவாகவும் பாடினார்கள். புருஸ்காந்தினி அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்; கிழவரைக் காட்டுவதற்காகக் குரலைக் கோணலாக்காமல், எழுதியிருக்கும் ஸ்வரத்தை ஒழுங்காகப் பாடி, சொல்லின் அழுத்தத்தாலேயே சிரிக்கவைப்பவர். பஃபோ பாடகர் என்றால் இருமுவதும் உறுமுவதும் என்ற எண்ணம் தொடக்கத்திலேயே மனத்தில் படிந்துவிடக் கூடாது என்பதால்தான் இந்தப் பதிவை முதலில் வைக்கிறேன்.

இரண்டு மணி நேரம் அதிகம் என்று தோன்றினால், 1955 இல் கார்லோ மரியா ஜியூலினி நடத்த ரொசான்னா கார்தேரியும் நிக்கோலா ரோஸ்ஸி-லெமேனியும் பாடிய ‘லா செர்வா பத்ரோனா’ ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மூன்றாம் படி: அங்கிருந்து 1932க்குச் செல்லுங்கள்

ஒலிவாங்கி கொண்டு மின்முறையில் பதிவுசெய்வது 1925 இல் தொடங்கியது. அந்த முறையில் 1932 இல் எச்.எம்.வி. வெளியிட்ட ‘டான் பாஸ்குவாலே’ இந்தத் துறையின் முதல்தரச் செல்வம். எர்னெஸ்தோ பாடினி, டிட்டோ ஸ்கீப்பா, அதெலாய்தே சராசேனி, ஆஃப்ரோ போலி ஆகியோர் பாட, லா ஸ்காலா குழுவை கார்லோ சபாய்னோ நடத்தினார். ஸ்கீப்பா ஒலிப்பதிவுக் கூடத்தில் முழுமையாகப் பாடிய ஓப்பரா இது ஒன்றுதான். அவருடைய குரல் பெரியதன்று. உச்ச ஸ்வரங்களில் வரம்பு உண்டு. ஆனால் ஒவ்வொரு அசையும் பேச்சில் வருவதுபோல் தன் இடத்தில் இயல்பாக வந்து அமரும். மூன்றாம் அங்கத்துத் தோட்டக் காட்சியில் வரும் ‘கொம் எ ஜென்தில்’ என்ற இரவுப் பாடலை அவர் பாடுவதைக் கேட்டபின், அதையே உரத்த குரலில் பாடும் டெனர்களை என்னால் பொறுமையோடு கேட்க முடிவதில்லை.

இங்கே ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. 1952 பதிவில் பாடும் வல்லெட்டி, ஸ்கீப்பாவிடம் பாடம் கற்றவர். குருவும் சீடரும் ஒரே பாத்திரத்தை இருபது ஆண்டு இடைவெளியில் பாடியிருக்கிறார்கள். அந்த இரவுப் பாடலை மட்டும் அடுத்தடுத்துக் கேட்டு, மூச்சை எங்கே எடுக்கிறார்கள், எந்தச் சொல்லை நீட்டுகிறார்கள், எந்த இடத்தில் குரலைச் சன்னமாக்குகிறார்கள் என்று எழுதிவையுங்கள். காது கூர்மையாவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை.

இந்தக் காலத் தட்டுகளில் பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் ஓடும். இரண்டு மணி நேர ஓப்பராவுக்கு ஏறக்குறைய முப்பது பக்கங்கள் தேவைப்பட்டன. சில இடங்களில் இசை திடீரென நின்று தொடங்குவதுபோலவோ, வேகம் அவசரப்படுவதுபோலவோ தோன்றினால், பக்கம் முடியும் இடம் அதுவாக இருக்கலாம். நல்ல மறுவெளியீடுகளில் இந்த இணைப்புகளைத் தையல் தெரியாமல் ஒட்டியிருப்பார்கள்.

நான்காம் படி: ‘இல் பார்பியேரே’யில் எவை மாற்றப்பட்டன என்று கவனியுங்கள்

சிவிலியா நகரத்து நாவிதனின் கதையான இந்த ஓப்பராவுக்குப் பதிவுகள் ஏராளம். 1929 இல் கொலம்பியா நிறுவனம் மிலானில் பதிவுசெய்த தொகுப்பில் ரிக்கார்டோ ஸ்த்ராச்சாரி நாவிதன் ஃபிகாரோவாகவும், மெர்சிடெஸ் காப்சிர் ரொசீனாவாகவும், தீனோ போர்ஜோலி அல்மவீவா பிரபுவாகவும், சால்வதோரே பக்கலோனி பார்த்தொலோவாகவும் பாடினார்கள். நடத்தியவர் லொரென்சோ மொலயோலி. பக்கலோனி அப்போது முப்பது வயதைத் தொடாத இளைஞர். பின்னாளில் நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அரங்கில் பஃபோ வேடங்களின் அடையாளமாகவே ஆனவர். 1957 இல் லண்டனில் அல்செயோ காலியேரா நடத்திய பதிவில் மரியா காலஸும் டிட்டோ கோப்பியும் பாடினார்கள். முழுமையாகக் கேட்கத் தொடங்க 1957 பதிவும், பழைய மரபை அறிய 1929 பதிவும் பொருந்தும்.

பழைய பதிவுகளைக் கேட்கும்போது இந்த ஓப்பராவில் மூன்று விஷயங்களை நினைவில் வைத்திருக்க வேண்டும். முதலாவது ரொசீனாவின் குரல். ரொஸ்ஸீனி இந்தப் பாத்திரத்தைத் தாழ்ந்த பெண்குரலுக்கு எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயர்குரல் சொப்ரானோக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ‘ஊனா வோச்சே போகோ ஃபா’ என்ற அவளுடைய பாடல் மூலத்தில் ஈ மேஜர் என்ற சுருதியில் இருக்க, சொப்ரானோக்கள் எஃப் மேஜருக்கு உயர்த்திப் பாடி, மேலே வேண்டிய அளவு அலங்காரங்களைச் சேர்த்தார்கள். காப்சிர் சொப்ரானோ. ரொஸ்ஸீனி நினைத்த நிறத்தில் கேட்க விரும்புகிறவர்கள், 1920களின் பிற்பகுதியில் ஸ்பானிய மெஸ்ஸோ (இடைப்பட்ட பெண்குரல்) பாடகி கொன்சீட்டா சூப்பர்வியா பதிவுசெய்த ரொஸ்ஸீனி பாடல்களைத் தேட வேண்டும். அந்தக் குரலில் ஒரு படபடப்பு உண்டு. சிலருக்கு அது முதலில் ஒட்டாது. ஆனால் சொல்லில் தெறிக்கும் குறும்பு வேறு எவரிடமும் இல்லாதது.

இரண்டாவது, வெட்டுகள். பிரபுவின் இறுதிப் பெரும் பாடலான ‘செஸ்ஸா தி பியூ ரெசிஸ்தேரே’ பழைய காலத்தில் வழக்கமாகவே விடப்பட்டது. பார்த்தொலோவின் கடினமான பாடலுக்குப் பதிலாக பியெத்ரோ ரொமானி என்பவர் எழுதிய ‘மாங்கா ஊன் ஃபோல்யோ’ என்ற எளிய பாடலைப் பாடும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. பேச்சைப்போல் ஓடும் ரெசிட்டட்டிவோ பகுதிகளும் தாராளமாகக் குறைக்கப்பட்டன. மூன்றாவது, வாத்தியக் குழு. மேடை மரபில் படிப்படியாகச் சேர்ந்துவிட்ட கூடுதல் வாத்தியங்களையும் திருத்தங்களையும் அகற்றி, அல்பெர்தோ ஸெத்தா பதிப்பித்த ஆய்வுப் பதிப்பு 1969 இல்தான் வெளிவந்தது. அதற்கு முந்தைய பதிவுகள் கனத்து ஒலிப்பதற்கு இதுவும் காரணம். இவற்றைத் தவறு என்று ஒதுக்கத் தேவையில்லை. பாடல் நூலில் உள்ள வரி ஒலிக்காதபோது திகைக்காமல் இருந்தால் போதும்.

ஐந்தாம் படி: நல்ல மறுவெளியீட்டை அடையாளம் காணுங்கள்

ஒரே பழைய பதிவு பத்துப் பெயர்களில் இணையத்தில் உலவும். ஒலித்தரம் ஒவ்வொன்றிலும் வேறுபடும். பெயர்ப்பட்டியலைப் பார்த்து மட்டும் தேர்வு செய்யாதீர்கள். வார்டு மார்ஸ்டன், மார்க் ஓபர்ட்-தோர்ன் போன்ற ஒலிச் சீரமைப்பாளர்கள் மாற்றியமைத்த பதிவுகளில் அவர்கள் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கும். வியன்னாவின் பிரைசர் நிறுவனம், நாக்சஸ் நிறுவனத்தின் வரலாற்று வரிசை ஆகியவற்றையும் நம்பித் தொடங்கலாம். பழைய ஒற்றைத் தட ஒலியைச் செயற்கையாக ஸ்டீரியோவாக்கிய 1960, 70களின் மறுவெளியீடுகளை ஒதுக்கிவிடுங்கள்.

இரைச்சல் அறவே இல்லாத மறுவெளியீட்டைக் கண்டால் மகிழ்ச்சியடைவதற்கு முன் மெய்யெழுத்துகளைக் கேட்டுப் பாருங்கள். ‘ஸ’, ‘ச’, ‘த’ போன்ற ஒலிகளின் கூர்மை உயர்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. இரைச்சலும் அங்கேதான் இருக்கிறது. ஒன்றை முரட்டுத்தனமாக வழித்தெடுத்தால் மற்றொன்றும் கூடவே போய்விடும். சோகப் பாடலில் இந்த இழப்பை ஓரளவு தாங்கிக்கொள்ளலாம். அசைகளாலேயே கட்டப்பட்ட ‘கேத்தி, கேத்தி’ போன்ற பாடலில் மெய்யெழுத்து மழுங்கினால் எஞ்சுவது முணுமுணுப்பு மட்டுமே. ஆகவே சற்று இரைச்சல் விடப்பட்ட மறுவெளியீட்டையே விரும்பித் தேர்ந்தெடுங்கள். சில நிமிடங்களில் காது அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

அடுத்தது வேகம். எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டுகள் என்று பொதுவாகச் சொன்னாலும், தொடக்ககாலத் தட்டுகள் நிமிடத்துக்கு எழுபது சுற்றுகள் அளவிலிருந்து எண்பதைத் தாண்டியும் பதிவாகியிருக்கின்றன. சுழற்சி வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். குரல் மெலிந்து, அதிர்வு படபடக்கும். மூலச் சுருதியை அறிந்துகொண்டு, கைபேசியிலுள்ள சுருதிகாட்டிச் செயலியால் சரிபார்க்கலாம். தொனிசெட்டியின் ‘லெலிசிர் தமோரே’ ஓப்பராவில் வரும் ‘ஊனா ஃபுர்தீவா லாக்ரிமா’ பி ஃபிளாட் மைனரில் தொடங்குகிறது. ‘இல் பார்பியேரே’யில் ஃபிகாரோவின் நுழைவுப் பாடல் சி மேஜர். ஆனால் அதே ஓப்பராவில் இசையாசிரியர் பாஸிலியோவின் ‘லா கலூன்யா’ மூலத்தில் டி மேஜராக இருந்தும், பெரும்பாலோர் சி மேஜரில் பாடுவதே வழக்கம். எனவே சுருதி ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மட்டும் வேகம் தவறு என்று முடிவுசெய்துவிடக் கூடாது.

கட்டணமின்றிக் கேட்க, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ‘நேஷனல் ஜூக்பாக்ஸ்’ தொகுப்பும் இணைய ஆவணக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவும் சிறந்தவை. ஒரு தட்டின் பதிவுத் தேதி, ஊர், அச்சு எண் ஆகியவற்றைக் கலிபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்க ஒலிப்பதிவுப் பட்டியலில் பார்க்கலாம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது என்பதை, பகிர்வதற்கு முன் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: இப்போது கூம்புக் காலத்துக்குச் செல்லலாம்

1925க்கு முன் ஒலிவாங்கி கிடையாது. பாடகர் ஒரு கூம்பின் வாயில் நின்று பாட, அந்த ஒலியின் விசையே மெழுகில் தடத்தைக் கீறியது. ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் அதில் சரியாகப் பதியவில்லை. நாண் வாத்தியங்களின் தாழ்ந்த ஒலி பிடிபடாததால் பல நேரங்களில் ட்யூபா என்ற பெரிய ஊதுகருவி அந்த இடத்தை நிரப்பியது. உச்ச ஸ்வரம் வரும்போது பாடகர்கள் பின்வாங்கி நின்றார்கள். இந்தக் கட்டுப்பாடுகளை அறிந்து, பாடல் நூலையும் கையில் வைத்துக்கொண்டால், இழந்த மெய்யெழுத்துகளை உங்கள் மனமே நிரப்பிவிடும். இந்தப் படியை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் இதுதான்.

என்ரிக்கோ கரூசோவின் ‘ஊனா ஃபுர்தீவா லாக்ரிமா’விலிருந்து தொடங்குங்கள். 1902 ஏப்ரலில் மிலானில் ஒரு விடுதி அறையில் ஃபிரெட் கைஸ்பெர்க்கின் குழு பியானோ துணையோடு அதைப் பதிவுசெய்தது. அதே கைஸ்பெர்க்தான் அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தா வந்து கௌஹர் ஜானைப் பதிவுசெய்தவர். கரூசோ அதே பாடலை 1904 இல் நியூயார்க்கில் மீண்டும் பியானோவோடும், 1911 இல் வாத்தியக் குழுவோடும் பாடினார். மூன்றையும் வரிசையாகக் கேட்டால், இளைஞனின் மென்மையான டெனர் குரல் ஒன்பது ஆண்டுகளில் கனத்து இருண்டது புலப்படும். எனக்கு 1904 பதிவே மிகவும் பிடித்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு வரியையும் தனக்குச் சொல்லிக்கொள்வதுபோல் பாடியிருக்கிறார்.

அடுத்து, ‘ஃபால்ஸ்டாஃப்’ முதல் மேடையேற்றத்தில் தலைமை வேடம் ஏற்ற விக்டர் மொரெல் 1907 இல் ஃபோனோதிப்பியா நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த ‘குவாந்தெரோ பாஜ்ஜோ’ என்ற சிறு பாடலைத் தேடுங்கள். பாடல் அரை நிமிடம்தான். கூடியிருந்தவர்கள் கைதட்டிக் கேட்க, மறுபடி பாடுகிறார். மூன்றாம் முறை பிரெஞ்சு மொழியில் பாடுகிறார். வெர்டி தேர்ந்தெடுத்த பாடகர், வெர்டி எழுதிய வரியை இளைப்பாறும் பேச்சுபோல் வீசிச் செல்வதை நேரடியாகக் கேட்கும் வாய்ப்பு இது.

தட்டுகளை வாங்க விரும்பினால்

அவசரப்பட வேண்டாம், மேற்சொன்ன எல்லாவற்றையும் ஒரு தட்டுகூட வாங்காமல் கேட்டுவிடலாம். வாங்குவதானால், இந்தத் தட்டுகள் அரக்கு கலந்து வார்க்கப்பட்டவை, கைநழுவினால் உடைந்துவிடும் என்பதை மறவாதீர்கள். சாராயம் அரக்கைக் கரைக்கும் என்பதால் அது கலந்த திரவத்தால் ஒருபோதும் துடைக்கக் கூடாது. காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டு மென்மையான சோப்புக் கரைசலும் போதும். நெடுநேரத் தட்டுக்குரிய ஊசி இந்த அகன்ற தடத்தின் அடியில் கிடந்து உராயும். ஏறக்குறைய மூன்று மடங்கு அகலமான தனி ஊசி தேவை. தட்டின் மேற்பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தடங்கள் சாம்பல் பூத்திருந்தால் விட்டுவிடுங்கள். தேய்ந்த எஃகு ஊசிகள் அதை ஏற்கெனவே அரித்துவிட்டன என்று பொருள். தட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்கள்; ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காதீர்கள்.

இதற்கு அப்பால்

அடுத்து எங்கே செல்வது என்பதற்கு என் தேர்வுகள் இவை. 1954 இல் ஜியூலினி நடத்த, ஜியூலியெத்தா சிமியோனாத்தோ பாடிய, ரொஸ்ஸீனியின் ‘லித்தலியானா இன் அல்ஜேரி’. அதே ஆண்டு காவட்ஸேனி நடத்த, காலஸும் ரோஸ்ஸி-லெமேனியும் பாடிய, அவருடைய ‘இல் துர்கோ இன் இத்தாலியா’ ஓப்பரா. அதில் கவிஞராக வரும் மரியானோ ஸ்தாபிலே, 1921 இல் லா ஸ்காலாவில் இசை நடத்துநர் தொஸ்கனினியின் கீழ் ஃபால்ஸ்டாஃப் வேடமேற்றுப் புகழ்பெற்றவர். புச்சீனியின் ‘ஜியான்னி ஸ்கிக்கி’யில் கோப்பியும் விக்டோரியா தெ லோஸ் ஆஞ்சலஸும் பாடிய 1958 பதிவு.

‘ஃபால்ஸ்டாஃப்’ முழுவதையும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்களை வெவ்வேறு வேகத்தில் பாடும் இடம் அதில் உண்டு. பழகாத காதுக்கு அது வெறும் ஆரவாரமாகிவிடும். 1950 இல் தொஸ்கனினி நியூயார்க்கில் வானொலிக்காக நடத்திய பதிவை எடுத்துக்கொண்டு, இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியை மட்டும், பாடல் நூலோடு, சொற்கள் முழுவதும் பிடிபடும்வரை கேளுங்கள். அதன்பிறகு முதல் அங்கத்திலிருந்து தொடங்கலாம்.